கடைசிப் பக்கத்தைச் சொல்லக் கூடாது

பிப்ரவரி, சனிக்கிழமை

ஆண்டவருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை மூவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். இதைக் கடிதத்துக்கு ஒரு தொடக்கம் வேண்டுமே என்று எழுதவில்லை. உண்மையாகவே ஆவல்தான்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இதற்கு முன் எழுதியவை எதற்கும் பதில் இல்லை, ஆனால் எதுவும் திரும்பி வரவும் இல்லை. திரும்பி வரவில்லை என்றால் யாரோ கை நீட்டி வாங்குகிறார்கள் என்றுதானே அர்த்தம்? அந்தக் கை உன் கை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விலாசம் கொடுத்தது உன் சிநேகிதன், அந்த பைக் ரிப்பேர் கடைக்காரன். அவனோடு சண்டைக்குப் போகாதே. கடை வாசலில் தினமும் போய் நின்று அவன் பிராணனை வாங்கிவிட்டேன். வாடிக்கையாளர்களே 'அந்தம்மாவுக்கு ஏதாவது சொல்லி அனுப்பிடுப்பா' என்று சிபாரிசு செய்யும்படி ஆகிவிட்டது.

சபையில் இந்த வருஷம் ஒரு புதுக் கூத்து. ஆயர் அம்மா வருஷம் முழுக்க ஓடுகிற வாசிப்புப் போட்டி ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். போட்டி என்று பெயர்தான், பரிசு கிடையாது. மாதத்துக்கு ஒரு பொருள். அந்தப் பொருளில் ஒரு கிறிஸ்தவக் கதைப் புத்தகம் வாசித்துவிட்டு, கடைசிச் சனிக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். பன்னிரண்டு பொருளையும் அட்டைத் துண்டுகளில் எழுதிப் பின்சுவரில் பெரிய பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு சட்டம். கடைசிப் பக்கத்தை யாரும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னவர் எல்லோருடைய டீக் கோப்பைகளையும் கழுவ வேண்டும். மருந்துக் கடைக்காரி வாய் நிற்காமல் முதல் மாதமே சொல்லிவிட்டாள், இந்த மாதமும் சொல்லிவிட்டாள். அவளுக்கு இப்போது 'கடைசிப் பக்கம்' என்றே பெயர்.

இந்த மாதப் பொருள், விதவையின் மறுவாழ்வு. இந்தக் கதைகளில் ஒரு வேடிக்கை. விதவையின் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்த உடனே, மூன்றாம் அத்தியாயத்தில் நல்ல உயரமாக ஒரு தச்சர் வந்துவிடுகிறார், அதுவும் ஜெபிக்கிற தச்சர். நம் வீட்டுக் கூரை எத்தனை வருஷமாக ஒழுகுகிறது, ஒரு காக்காய் கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை என்று கூடத்தில் சொன்னேன். உங்களுக்குப் புருஷன் இருக்கிறாரே அக்கா, அதுதான் தச்சர் வரவில்லை என்றாள் கடைசிப் பக்கம். ஆயர் அம்மா சிரிப்பை அடக்கக் கர்ச்சீப்பைத் தேடினார்கள்.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில்தான் நான் வாசிக்கிறேன். படுக்கை விரிப்புகளை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுவிட்டால் அது சுற்றி முடிகிறவரை கை சும்மா இருக்கும். நான் எடுத்துப் போகிற புத்தகமெல்லாம் பிளீச்சிங் பவுடர் வாசனையோடு அலமாரிக்குத் திரும்புகிறது என்று ஒரு புகார்.

அப்பா மரக்கிடங்குக்குப் போய் வருகிறார். பலகைகளை அளப்பதும் கட்டுவதும் அதேதான். நான் வாசிப்பதைப் பார்த்தால், நடக்காததை எழுதி விற்கிறான், நீங்களும் உட்கார்ந்து அழறீங்க என்கிறார். உன் பேச்சை எடுக்க மாட்டார். நானும் எடுப்பதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையை நான் மனசுக்குள் எத்தனை முறை துடைத்துப் புதிதாக எடுத்து வைத்துப் பார்த்துவிட்டேன். நீ, 'எனக்கு நம்பிக்கை இல்லப்பா, இனிமே கோயிலுக்கு வரல' என்றாய். அவர், 'அப்ப இந்த வீட்டுல உனக்கு என்ன வேலை?' என்றார். கேள்விதான் கேட்டார். நீ அதற்குப் பதிலாக உன் பிரிட்ஜ் ரிப்பேர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

மார்ச் மாதப் பொருள் மன்னிப்பு. அதற்காக நான் எடுத்த புத்தகத்தை முடித்துவிட்டு உனக்கு இதனோடு அனுப்புகிறேன். முழுவதும் வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல் இழையை வைத்திருக்கிறேன். அதை மட்டுமாவது பார்.

ஒரு வரி எழுது. உனக்காக ஜெபிக்கிற,
அம்மா.


ஆகஸ்ட், திங்கட்கிழமை

அன்பு மகனுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். தங்கைக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் நாள் உன்னுடைய பழைய குடையை எடுத்துக்கொண்டு போனாள். மழை இல்லை. 

எனக்கு ஒரே ஆத்திரமாக இருக்கிறது, அதை யாரிடமாவது கொட்ட வேண்டும். நீதான் அகப்பட்டாய். போன மாதக் கூட்டத்தில் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் மாதத்துக்குக் 'கடல்' என்று போட்டிருந்தது. அட்டை மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெள்ளையாக, புதிதாக இருந்தது. ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் பழைய அட்டை. 'வீடு திரும்பும் மகன்.'

டீக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த கடைசிப் பக்கம் அப்படியே நின்றுவிட்டாள். 'உங்களுக்காகத்தான்க்கா' என்றாள். ஆயர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் அலமாரியைக் கவனித்தேன். பல் விழுந்த வாய் மாதிரி நடுநடுவே இடைவெளி. ஓடிப்போன பிள்ளை வருகிற புத்தகங்களையெல்லாம் பொறுக்கி எடுத்து, நான் பார்க்காமல் இருக்கப் பாடகர் அறையில் அங்கிகளுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் இத்தனை மாதமாக, பையன் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறான், வேலை அதிகம், வர முடியவில்லை என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். அவர்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். என்னைத் தவிர எல்லோரும் நல்லவர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாடகர் அறைக்குப் போய் அவ்வளவு புத்தகத்தையும் ஒரு சலவை மூட்டையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கிறேன். ஒவ்வொன்றிலும் பிள்ளை வருகிறான். மழையில் வருகிறான், காய்ச்சலோடு வருகிறான், ஒருவன் சொந்த அம்மாவின் அடக்க ஆராதனைக்குச் சரியாக வந்து சேர்கிறான். வந்து முழங்கால் படியிடுகிறான். அந்தக் கதைகளில் அம்மாவுக்கு ஒரு வேலையும் இல்லை. ஜன்னலில் விளக்கு வைத்தால் போதும், மிச்சத்தை எழுதுகிறவர் பார்த்துக்கொள்கிறார். ஆண்டவர்தான் நம் கதையை எழுதுகிறார் என்று ஆயர் அம்மா ஆறுதல் சொன்னார்கள். நானும் நம்புகிறேன். ஆனால் ரொம்ப மெதுவாக எழுதுகிறார்.

உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் இதை நான் எழுதுவது தெரிந்தால் கோபிப்பார். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, சட்டைப் பையில் அளவுநாடாவோடு, மூட்டையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு புத்தகமாக எடுக்கிறார், பின்னாலிருந்து திறக்கிறார், கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கிறார், வைக்கிறார். நான் பின்னால் நிற்பது தெரியாது. ஒன்றை வைத்துவிட்டு, 'வந்துட்டான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்ததை எடுத்தார். 'இவனும் வந்துட்டான்.'

நான் வளையலைக் குலுக்கினேன். திரும்பிப் பார்த்து, சும்மா பார்த்தேன் என்றார். வாசல் வரைக்கும் போய், செருப்பை மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்டார். 'இதுல எதுலயாவது அப்பன் தேடிப் போறானா?'

இல்லை என்றேன். நான் படித்தவரைக்கும் எதிலும் இல்லை. அப்பாக்கள் எல்லோரும் வாசலில்தான் நிற்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் பகல் முழுவதும் விரிப்புகளை மடிக்கும்போது அந்தக் கேள்வி என்னோடேயே இருந்தது.

இந்தக் கடிதத்தோடு கடல் மாதத்துப் புத்தகத்தை வைத்திருக்கிறேன். பயப்படாதே, அடையாள நூல் எதுவும் வைக்கவில்லை. ஒரு கப்பலில் இயந்திரம் பழுது பார்க்கிறவனைப் பற்றிய கதை. பக்தி எல்லாம் அளவோடுதான் இருக்கிறது. கப்பலின் குளிரறை கெட்டுப் போவதை எழுதியிருக்கிறார் பார், எனக்கே தப்பு என்று தெரிகிறது. நீ வீட்டுப் பிரிட்ஜைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பாடம் எடுத்ததையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். நீ சிரிப்பாய் என்றுதான் அனுப்புகிறேன். வேறு காரணம் இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் துறைமுகப் பக்கம் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் விபத்து என்று செய்தியில் சொன்னார்கள். உன் விலாசத்தில் இருக்கிற அதே ஊர். நீ அங்கேதான் வேலை செய்கிறாயா என்று எனக்குத் தெரியாது. அப்பா செய்தி முடிகிறவரைக்கும் நின்றுகொண்டே பார்த்தார். செய்தியில் யார் பெயரையும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று மட்டுமாவது எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மா.


டிசம்பர், வியாழக்கிழமை

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தாங்கள் குடியிருக்கும் அறையின் விலாசத்துக்கு என் மகன் பெயரில் ஆகஸ்ட் மாதம் ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். அது அக்டோபரில் திரும்பி வந்தது. 'இந்தப் பெயரில் இங்கு யாரும் இல்லை. இனி அனுப்ப வேண்டாம்' என்று உறைமேல் யார் கையெழுத்து என்று தெரியாதபடி அச்சு எழுத்து மாதிரி எழுதியிருந்தீர்கள். சிரமம் பார்க்காமல் திருப்பி அனுப்பியதற்கு முதலில் நன்றி.

உறையைப் பிரித்திருக்கிறீர்கள். பிறகு டேப் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். அதற்காக எனக்கு வருத்தமில்லை. பிரித்தால்தானே யாருடையது என்று தெரியும்? கூட வைத்த புத்தகம் மட்டும் உள்ளே இல்லை. அதற்கும் வருத்தமில்லை. அது சபை அலமாரிப் புத்தகம், கேட்கிறார்கள். ஒரு நண்பர் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மெதுவாக வாசியுங்கள்.

அன்றைக்குத் தபால்காரரிடம் உறையை வாங்கியது என் கணவர். உள்ளே கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.  அந்த ஐஸ் தொழிற்சாலை, பெயர் சொல்லாத செய்தி, எல்லாம் என் மனசில் ஒன்றாக வந்து மோதின. பிள்ளை போய்விட்டான், அதுதான் ஆள் இல்லை என்று எழுதுகிறார்கள் என்றே நினைத்தேன். நான் அழத் தொடங்கியதும் அவர் உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் தடவினார். நுனி உட்பக்கமாகச் சின்னதாக மடித்திருந்தது.

ஐயா, இதைத் தங்களுக்கு விளக்க வேண்டும். மரக்கிடங்கில் பலகைக் கட்டுகளுக்கு டேப் சுற்றுவார்கள். என் கணவர் சுற்றினால் நுனியை மடித்துத்தான் விடுவார், அடுத்து பிரிக்கிறவன் நகத்தால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பள்ளி விடுமுறைகளில் அவரோடு கிடங்குக்குப் போன எங்கள் மகனுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பிறகு குளிர்சாதன வேலைக்குப் போய்க் குழாய்க்குச் சுற்றினாலும் மடிப்பான், வீட்டில் ஒரு பொட்டலம் கட்டினாலும் மடிப்பான். அப்படி மடிக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கலாம். தாங்களும் ஒருவராக இருக்கலாம். நான் மறுக்கவில்லை.

என் கணவர் மறுத்துவிட்டார். 'இருக்கான்டி' என்றார். 'நம்ம பய இருக்கான். கை நல்லா இருக்கு, பாரேன், ஒரு கோணல் இல்லாம ஒட்டியிருக்கான்.' சிரித்தார், ஐயா. மகன் எங்களை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் பாஸானவன் மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன். ஒன்றே முக்கால் வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நல்ல செய்தி அதுதான். அப்புறம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அழுதோம். சின்னவள் வேலையிலிருந்து வந்து, எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் உறையை நீட்டி டேப்பின் நுனியைக் காட்டினார்.

மறுநாளே கிளம்புகிறேன் என்றார். போய் அந்தத் தெருவில் நின்று தூரத்திலிருந்தாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நான்தான் விடவில்லை. இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருப்பவரின் வாசலில் போய் நின்றால், அவர் அந்த அறையையும் காலி செய்துவிட்டுப் போவார். இந்த விலாசமாவது இருக்கட்டும் என்றேன். என் கணவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் பயணப் பையை இன்னும் பரண்மேல் ஏற்றவில்லை. நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

தங்களுக்கு எழுதப் போகிறேன் என்றதும் அவரும் ஒரு செய்தி சொன்னார். நான்கு முறை ஆரம்பித்து நிறுத்தினார். கடைசியில், 'சாப்பிடும்போது கண்ணை மூடி ஜெபிக்கலைன்னா சாப்பாடு இறங்காதுன்னு நான் படிச்ச எந்தப் பக்கத்துலயும் போடலைன்னு எழுது' என்றார். அவர் படித்தது கடைசிப் பக்கங்கள் மட்டும்தான். இருந்தாலும் அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. தங்களுக்குப் புரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எங்கள் சபையில் வருஷம் முழுக்க ஒரு வாசிப்புப் போட்டி நடந்தது. ஆயர் அம்மா என்னைச் சமாதானப்படுத்த, டிசம்பர் மாதப் பொருளை நீயே சொல்லு என்றார்கள். 'யாரும் மனம் மாறாத கதை' என்றேன். நம்பாதவன் நம்பாமலே இருக்க வேண்டும், நம்புகிறவள் நம்பிக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும். அப்படி ஒரு புத்தகம் நம் அலமாரியில் இல்லையே என்றார்கள். எல்லோரும் தேடினார்கள். மருந்துக் கடைக்காரி எங்கெங்கோ போன் போட்டுக் கேட்டாள், கிடைக்கவில்லை. பலகையில் டிசம்பர் மட்டும் வெறுமையாக இருக்கிறது. மற்றவர்கள் பழைய புத்தகத்தையே திரும்ப வாசிக்கிறார்கள். நான் எதுவும் வாசிக்கவில்லை. இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அறிவுரை சொல்லத்தான் தெரியும், தங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். குளிரறைக்குள் வேலை செய்துவிட்டு உடனே வெயிலுக்கு ஓடி வராதே. வராதீர்கள். மன்னிக்கவும், ஒருமையில் எழுதிப் பழகிய கை. மார்ச்சளி பிடிக்கும், அந்த உடம்புக்கு அது ஆகாது.

என் மகன் அங்கே இல்லை என்று சொல்கிறீர்கள். நான் நம்புகிறேன். இனி அவன் பெயருக்கு எழுத மாட்டேன், புத்தகம் அனுப்ப மாட்டேன், யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டோம். அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை, எப்போது தோன்றுகிறதோ அப்போது, ஒரு அஞ்சல் அட்டை போடுங்கள். 'நீங்கள் தேடுகிற ஆள் இங்கே இல்லை. நான் நன்றாக இருக்கிறேன்.' இந்த இரண்டு வரி போதும். கையெழுத்துப் போட வேண்டாம்.

தங்களுக்கு நம்பிக்கை உண்டோ இல்லையோ, பெற்றவள் ஒருத்தி வாழ்த்தினால் பலிக்கும் என்பார்கள். நல்லா இருங்க, ஐயா. எங்கே இருந்தாலும் நல்லா இருங்க.

இப்படிக்கு,
தங்களுக்கு அறிமுகமில்லாத,
ஒரு பிள்ளையின் அம்மா.